நாற்று நட ஆள் கிடைக்கவில்லையாம்!

(தாம்பரம் சண்முகம் சாலைக் கூட்டத்தில், 2025 தை மாதம் பேசியது)

முடிச்சூரிலிருந்தும் அகரம்தென்னிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே!

"நூறு நாள் வேலை வந்தது, நாற்று நட ஆளே கிடைப்பதில்லை." படப்பைப் பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்காத டீக்கடை உண்டா? திட்டத்தால் விளைந்தது என்ன என்று கட்டுக் கட்டாக அறிக்கை எழுதுகிறார்கள். இத்தனை கோடி செலவு, இத்தனை மனித நாள் வேலை. அது கொடுத்தவன் கணக்கு! வாங்கியவள் வீட்டுக் கணக்கு அந்த டீக்கடையில்தான் இருக்கிறது. போட்ட கூலியை வாயைத் திறக்காமல் வாங்கிப் போனவள், "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் கொடுத்த தெம்பு அது.

அரை ஏக்கர்க்காரர் கேட்கிறார்: "எனக்கும் ஆள்கூலி ஏறிவிட்டதே?" ஏறியது உண்மை. ஆனால் ஐயா, உங்கள் வீட்டம்மாவும் அதே நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில்தானே மண் சுமக்கிறார்? உங்களுக்கு ஏறாதது நெல் விலை. அதைக் கேட்க வேண்டிய இடம் டெல்லி, கூலிக்காரி வாசல் அல்ல.

2024-25-க்கு நூறு நாள் வேலையின் நாள்கூலி 319 ரூபாய். கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்கிறது சட்டம். படி வாங்கியவர்கள் கை தூக்குங்கள்! ஒரு கையையும் காணோம். விவசாயிக்கு என்று டெல்லி ஆண்டுக்குத் தரும் பிஎம் கிசான் 6,000 ரூபாயோ பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது. பட்டாக்காரர் மனை போட நல்ல விலைக்குக் காத்திருக்கிறார். குத்தகைக்கு உழுகிறவருக்குச் சல்லிக்காசு இல்லை.

2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். இப்போது சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்க்கப் பேச்சு. சேர்ந்துவிட்டால் நூறு நாள் வேலை போச்சு. சட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். வீட்டுவரி மட்டும் நகரத்து வரி ஆகிவிடும்! நகர்ப்புற வேலைத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2022-ல் 100 கோடியில் மாதிரிக்குத் தொடங்கியது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அதற்கு இல்லை.

வருகிற ஜனவரி 26-ஆம் தேதி கிராமசபை. எத்தனை வேலை அட்டை, அட்டைக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி பாக்கி, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடியும்வரை தீர்மான நோட்டில் ஒருவரும் கையெழுத்துப் போடாதீர்கள்!