அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி?



நிகழ்ச்சி படைக்கிற பெண்ணுக்குச் சமையலறை அமைப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நான் படித்தது மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. கட்டடக் கலை எனக்குத் தெரியாது. என் அம்மாவின் வலது காலில் இருக்கும் தழும்புதான் இதைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு. அடுப்பு ஒரு சுவரில், பாத்திரம் கழுவும் தொட்டி எதிர்ச்சுவரில், நடுவே பின்வாசலுக்குப் போகும் வழி. கொதிக்கும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியைக் கடந்துதான் அம்மா தினமும் கஞ்சி வடிப்பார். ஒரு நாள் அண்ணன் மகன் பின்வாசலிலிருந்து ஓடி வந்தான். பிள்ளை மேல் படக்கூடாதென்று அம்மா பானையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று நாங்கள் எல்லோரும் அவரைத்தான் கேட்டோம். அடுப்பும் தொட்டியும் ஏன் எதிரெதிரே இருக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டு வைத்து அளந்த பெண்மணி

இதை முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்று கணக்குப் பார்த்தே ஒவ்வொரு பொருளுக்கும் இடம் ஒதுக்கினார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது.

பிறகு வந்ததுதான் முக்கோண விதி. குளிர்பெட்டி, தொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால், ஒவ்வொரு பக்கமும் 1.2 மீட்டர் முதல் 2.7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த முக்கோணத்தை நடைபாதை குறுக்கே வெட்டக் கூடாது. எங்கள் வீட்டில் வெட்டியது.

நம் சமையலுக்கு இன்னும் ஒன்று சேர்க்கிறேன். அடுப்பும் தொட்டியும் ஒரே மேடையில், நடுவே 60 சென்டிமீட்டராவது இடம் விட்டு இருக்கட்டும். கஞ்சி வடிக்க, குக்கரை இறக்கி வைக்க, அந்த இடம் போதும்.

புகைக்கு வழி, எரிவாயுவுக்கு வழி

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். சமையற்கட்டு பின்புறத்தில், வானம் பார்த்த முற்றத்தை ஒட்டி இருக்கும். தாளிக்கும் புகை மேலே போய்விடும். இன்று பலர் அந்த முற்றத்துக்குக் கூரை போட்டுவிட்டு, புகை உறிஞ்சும் கருவியைத் தேடுகிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மரபுடைமைப் பகுதியில் உங்கள் வீடு இருந்தால், சுவரில் கை வைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதியைக் கேளுங்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே, தோம்பு வைக்கும் கேபினட்டின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துளை கட்டாயம் வேண்டும்.

மேடை எந்தக் கல்லில்?

கல்லுக்கு முன் உயரத்தைப் பாருங்கள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் இடுப்பு வலிக்காது. குத்தகையாளர் சொல்லும் அளவு அவருடைய வழக்கமான அளவு. உங்கள் அம்மாவின் அளவு அல்ல.

பளிங்கு அழகுதான். ஆனால், எலுமிச்சையும் புளியும் அதை அரிக்கும். கிரானைட் சூட்டைத் தாங்கும். ஆனால் சில வகைகள் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். வாங்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சில நிமிடங்களில் நிறம் கருக்கிறதா என்று பாருங்கள். கருத்தால் மேல்பூச்சு தேவை. குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல்லில் கறை எளிதில் ஏறாது. ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் சுடுசட்டியை நேரே வைக்கக் கூடாது. விலை குறைந்த லேமினேட் பலகை, தொட்டியோரம் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். எவர்சில்வர் மேடை கீறல் விழும், ஆனால் உழைக்கும்.

இன்னொரு முக்கியச் செய்தி. செயற்கைக் கல்லை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதைத் தடை செய்தது. எந்தக் கல்லானாலும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் உலர்ந்த கல்லை அறுக்க விடாதீர்கள். அறுக்கிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

நேயர்களே, அப்பா பளிங்கு மேடைதான் வேண்டும் என்றார். அந்தப் பணத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி, தொட்டியை அடுப்புப் பக்கம் கொண்டு வந்தோம். மேடைக்குச் சாதாரண கிரானைட்தான். விருந்தினர் யாரும் அதைப் பாராட்டியதில்லை. அம்மா இப்போது நின்ற இடத்திலேயே கஞ்சி வடிக்கிறார். பேரன் பின்வாசல் வழியாக இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

இன்று இரவு உங்கள் வீட்டில் சமைப்பவரைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். சூடான பாத்திரத்தோடு எத்தனை எட்டு நடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கல் கடைக்கு அப்புறம் போகலாம்.