போட்டி எங்கே நடக்கிறது?

(நூற்றாண்டு விழாவின்போது நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது சுகாதாரம் பற்றிய ஓர் உரை. வைத்தியர் என்றால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை நாளை மருத்துவ முகாமில் கதைப்போம். இன்று ஒரு விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். அதுவும் கோல்ஃப். சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவள்தான்.

கோல்ஃப் திடலை நான் முதன்முதலில் கண்டது பேராதனையில் மருத்துவம் படித்த காலத்தில், நண்பிகளோடு நுவரெலியாவுக்குப் போனபோது. பிரித்தானியர் காலத்தில் அமைத்த திடல் அது. வேலிக்கு வெளியே நின்று, "இது எத்தனை பரப்பு வரும்? இவ்வளவிலும் வெங்காயம் நட்டால் எப்படியிருக்கும்?" என்று கணக்குப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே தோன்றும்.

இப்போது நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே ஹூரன் ஏரிக்கரையில் ஒரு சிறு நகரத்தில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். என் மகள் அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையின் கோல்ஃப் அணியில் ஆடுகிறாள். அந்த அணியின் பெற்றோரிடையே ஒரு கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழும்பும். மாநில இறுதிப் போட்டியை ஒரே திடலில் நடத்துவதா, அல்லது ஆண்டுக்கு ஓரிடமாகச் சுற்றில் விடுவதா? இதிலே கதைக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் அந்தக் கேள்வியை நான் பதினான்கு வயதில் இந்த மண்ணிலேயே சந்தித்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

மிச்சிகன் இரண்டு தீபகற்பங்களாக இருக்கும் மாநிலம். எங்களுக்குத் தீபகற்பம் புதிதல்ல. மேல் தீபகற்பத்துப் பாடசாலைகளுக்கு இறுதிப் போட்டி தனியாக நடக்கிறது. கீழ்த் தீபகற்பத்தில் மாணவர் தொகையைக் கொண்டு பாடசாலைகளை நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் இறுதிப் போட்டி ஒக்டோபர் நடுப்பகுதியில் இரண்டு நாட்கள் நடக்கும். நாளொன்றுக்கு 18 குழிகள். ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபொரெஸ்ட் ஏக்கர்ஸ், அலன்டேலில் கிராண்ட் வலி பல்கலைக்கழகத்தின் மெடோஸ், பட்டில் கிறீக்கில் பெட்ஃபோர்ட் வலி ஆகிய திடல்களில் இந்தப் போட்டிகள் நடந்து வந்திருக்கின்றன. எந்தப் பிரிவு எந்தத் திடலில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அப்படியானால் சுற்று நடக்கிறதுதானே என்பீர்கள். நடக்கிறது. ஆனால் நான் சொன்ன இடங்கள் எல்லாம் கீழ்த் தீபகற்பத்தின் தென்பாதியில் இருக்கின்றன. ஏரிக்கரையின் வடக்கே இருக்கும் எங்களுக்கு எந்த இடமாக இருந்தாலும் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம்.

மற்ற விளையாட்டுகளை விடக் கோல்ஃபுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. வலைப்பந்தாட்டத் தளத்துக்கு எங்கு போனாலும் ஒரே நீள அகலம். கோல்ஃப் திடல்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. எந்த மேட்டுக்கு அப்பால் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் பந்து சரியும், பின்னேரக் காற்று எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அங்கே ஆடிப் பழகியவருக்குத்தான் தெரியும். பிரித்தானிய ஓப்பன் போட்டி 1860இல் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக் திடலில் தொடங்கியது. முதல் 12 போட்டிகளும் அங்கேயே நடந்தன. அந்தத் திடலை அமைத்த டொம் மொரிஸ் என்பவர் ஓப்பன் பட்டத்தை நான்கு முறை வென்றார். நான்கும் அதே திடலில். 1873இல் போட்டி சென்ட் அன்ட்ரூஸுக்கும் அடுத்த ஆண்டு மஸல்பரோவுக்கும் போனது. இன்றுவரை அது இடம் மாறி மாறித்தான் நடக்கிறது. இதற்கு மறுபக்கம் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டி. அது 1934இல் தொடங்கிய காலத்திலிருந்து ஒகஸ்டா என்ற ஒரே திடலில் நடக்கிறது. ஆக, இரண்டு வழிகளுமே நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கக் கூடியவைதான்.

ஒரே இடம் வேண்டும் என்ற பெற்றோர் சொன்ன நியாயமும் சிறியதல்ல. நாலு ஆண்டு ஆடும் பிள்ளை ஒரு திடலை நாலு முறை கண்டால் அது அவளுக்கும் சொந்தத் திடல் ஆகிவிடும். நடத்துபவர்களுக்கும் அனுபவம் சேரும். பழைய புள்ளிகளையும் புதியவற்றையும் ஒப்பிடலாம். வடக்கே கொண்டுவரச் சொல்லும் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒக்டோபர் காலையில் அங்கே புல்லில் உறைபனி படியும். அதன்மேல் நடந்தால் புல் கருகிவிடும் என்பதால் பனி கரையும்வரை ஆட்டத்தைத் தொடங்க மாட்டார்கள். அந்த மாதத்தில் பகல் குறுகியது. காலையில் இரண்டு மணி நேரம் போனால் மாலையில் ஆட்டம் முடியாது. ஆகவே "எங்கள் பக்கமும் வையுங்கள்" என்று சொல்வது சுலபம், செய்வது அப்படியல்ல.

இப்போது இந்த மண்ணுக்கு வருகிறேன். 1994ஆம் ஆண்டு. 15 வயதுக்குட்பட்ட வலைப்பந்தாட்ட அணியில் நான் இருந்தேன். எங்கள் தளம் மணல் தளம் என்பது இங்கிருக்கும் அக்காமாருக்குத் தெரியும். போட்டிகளோ எப்போதும் பட்டினத்தில், சீமெந்துத் தளத்தில். பத்து மைல் சைக்கிள் மிதித்துப் போய், மணலில் வெறுங்காலோடு பழகிய நாங்கள் வெயிலில் கொதிக்கும் சீமெந்தில் ஆடுவோம். தோற்போம். திரும்பப் பத்து மைல்.

அந்த ஆண்டு பட்டினத்துப் பாடசாலையில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்தார்கள். அதனால் இறுதியாட்டம் எங்கள் பாடசாலைக்கு வந்தது. நாங்கள் வென்றோம். முப்பது வருடமாக அந்த வெற்றியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். இன்று ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பட்டினத்துப் பிள்ளைகள் எங்கள் மணலில் சறுக்கி விழுந்ததை நான் கண்டேன். அவர்களுக்கு ஒரு பத்து நிமிடமாவது தளத்தில் பழகிப் பார்க்க விடவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வெற்றியில் மணலுக்கும் பங்கு உண்டு.

வென்ற பிறகு, "ரீச்சர், அடுத்த போட்டி எங்கே?" என்று கேட்டோம். ரீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இதுக்கு மேலை போட்டி இல்லைப் பிள்ளையள். பாதை திறந்தால் பாப்பம்." கண்டி வீதி 1990இலேயே அடைபட்டுவிட்டது. அது திறந்தபோது ஆண்டு 2002. எனக்கு 22 வயது. அகில இலங்கைப் போட்டி எங்களுக்குப் பத்திரிகையில் வரும் ஒரு செய்தி மட்டுமே.

2016இல் துரையப்பா விளையாட்டரங்கைப் புதுப்பித்துத் திறந்தார்கள். அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழா யாழ்ப்பாணத்தில் நடந்தது. எங்கள் அணியில் கோல் ஷூட் ஆடிய தோழி தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். "போட்டி எங்கட ஊருக்கு வந்திட்டுதடி" என்று எனக்கு எழுதினாள். நான் அதை ஆஸ்பத்திரியில் வேலைக்கு நடுவே வாசித்தேன். கொஞ்ச நேரம் அடுத்த நோயாளியைக் கூப்பிட முடியவில்லை.

ஒரு போட்டி எங்கே, எப்போது நடக்கிறது என்பது வெறும் ஒழுங்கமைப்பு விஷயமாகத் தெரியும். மிச்சிகனில் அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்பு கீழ்த் தீபகற்பத்தில் ஆண்பிள்ளைகளுக்குக் கோல்ஃபுக்கு உகந்த இலையுதிர் காலம் கிடைத்தது. பெண்பிள்ளைகளுக்குப் பனி கரைந்தும் கரையாத வசந்த காலம். வேறு சில விளையாட்டுகளிலும் பெண்களின் பருவம் இப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. 1998இல் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகள் முடிந்து 2007இல்தான் பருவங்கள் மாறின. வழக்குத் தொடுத்தபோது அணியில் இருந்த பிள்ளைகள் அதற்குள் பாடசாலையை விட்டுப் போய்விட்டார்கள். என் மகள் இன்று ஒக்டோபரில் ஆடுவது அவர்களால்.

இனி, நான் ஒரு வைத்தியராகவும் தாயாகவும் வெட்கப்படும் ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். கடந்த ஆண்டு எங்கள் அணி இறுதிப் போட்டிக்குத் தெரிவானது. முதல் நாளே போய்த் தங்கினால் பயிற்சிக்காக ஒரு சுற்று ஆடலாம், ஆனால் ஹோட்டல் செலவு ஓரிரவு கூடும். அதிகாலை போனால் போதும் என்று சொன்ன பெற்றோரில் நானும் ஒருத்தி. விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். எந்தத் திடல் என்பது முக்கியமல்ல. பதினாலாவது குழியில் மகளுக்குத் தலையிடியும் சத்தியும். காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். "டொய்லெட் எங்கை இருக்கெண்டு தெரியாதம்மா" என்றாள்.

ஐந்து மணி நேரம் பையைச் சுமந்து நடக்கும் விளையாட்டு அது. முதல் நாள் வந்து ஆடிப் பார்த்த பிள்ளைகளுக்குப் பந்து சரியும் பக்கம் மட்டுமல்ல, கழிப்பறை இருக்கும் இடமும் தெரிந்திருந்தது. வளரிளம் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பதையும், அதனால் வரும் தலையிடியையும் சிறுநீர்த் தொற்றையும் நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன். என் சொந்தப் பிள்ளையிடம் அதைக் காணத் தவறிவிட்டேன்.

ஆகவே இடத்தைச் சுற்றில் விடலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், விடுங்கள் என்பேன். ஆனால் திடல்களின் பெயர்களை எண்ணிப் பார்த்து இது நியாயமான சுற்று என்று சொல்லிவிட முடியாது. யார் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஐந்தாறு ஆண்டுக்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நீண்ட பயணம் ஒரே பிள்ளைகளின் தலையில் விழுந்தால் அது சுற்றே அல்ல. உறைபனியோ வேறு நல்ல காரணமோ இருந்து இடத்தை மாற்ற முடியாவிட்டால், தூரத்திலிருந்து வருபவர்களின் சுமையையாவது எல்லோரும் பங்கிட வேண்டும். ஓரிரவு தங்க இடம், முதல் நாள் திடலைப் பார்க்க நேரம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும். இவ்வளவும் கிடைத்தால் போட்டி எங்கு நடந்தாலும் அந்தப் பிள்ளை தன் திறமையோடு களத்தில் நிற்பாள்.

அக்காமாரே, தங்கைமாரே, நாங்கள் இங்கிருந்துகொண்டு மிச்சிகனை மாற்ற முடியாது. ஆனால் எங்கள் பாடசாலை அணி மாகாணத்தில் வென்று அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று நேற்று இன்றைய விளையாட்டு ஆசிரியையிடம் கேட்டேன். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவி, காலை ஆட்டத்துக்குப் போகிறார்களாம். வழியில் இறங்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லையாம். 400 கிலோமீற்றர். பாதை திறந்துவிட்டது. ஆனால் நித்திரையில்லாமல் போய்த்தான் ஆடுகிறார்கள்.

நூற்றாண்டுக்காக நாங்கள் வளைவு கட்டுகிறோம், மலர் வெளியிடுகிறோம். அவற்றோடு ஒரு சிறு நிதியையும் தொடங்குவோம். அகில இலங்கைப் போட்டிக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் ஒரு நாள் முன்னதாகப் போய், ஓரிரவு நித்திரை கொண்டு, மைதானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஆடுவதற்கான செலவு அது. கொழும்பில் இருக்கும் பழைய மாணவிகள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கொடுத்தாலும் அதுவும் நிதிதான். முதல் பங்கு என்னுடையது. அதை இன்று காலை பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்றைய மாணவிகளுக்கு ஒரு சொல். இப்போது உங்களுக்கும் சீமெந்துத் தளம் இருக்கிறது. போட்டி நடத்தும் முறை உங்களுக்கு வரும். அன்று வெளியூர் அணி வந்து இறங்கியதும், முதலில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். கழிப்பறை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். பிறகு தளத்தில் பத்து நிமிடம் பழக விடுங்கள். 1994இல் நாங்கள் செய்யத் தவறியது அது. அதன் பிறகு வெல்லுங்கள்.