கண்டபடி எழுதுங்கள்



“கண்டபடி எழுதாதே” என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்வது வழக்கம். விஞ்ஞான வகுப்பிலோ கண்டபடிதான் எழுத வேண்டும். அதாவது, கண்ணால் கண்டது எதுவோ அதை அப்படியே எழுத வேண்டும்.

காந்தலில் நீரைக் கொதிக்கவைத்து, அதில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 92 அல்லது 93 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே பாதரசம் நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் மேலே ஏறாது. ஆயினும் மாணவர்களின் குறிப்பேடுகளில் 100 என்று எழுதியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே! கண் கண்டதை எழுதக் கை அஞ்சுகிறது. மதிப்பெண்ணை எண்ணி அஞ்சும் பிள்ளைகளை நான் குறை கூறமாட்டேன்.

ஒருவன் துணிந்து 93 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? வகுப்பிலே கேள்விகள் பிறக்கும். வெப்பமானி பழுதோ? அதையே மேட்டுப்பாளையத்திற்கு எடுத்துச் சென்று பார்த்தால், ஏறத்தாழ 99 காட்டும். தண்ணீரில் உப்பு இருக்குமோ? உப்பு கொதிநிலையை உயர்த்துமேயன்றித் தாழ்த்தாது. எஞ்சியிருப்பது உயரம். உதகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவாதலால், குறைந்த வெப்பத்திலேயே நீர் கொதித்துவிடுகிறது. மலையூரில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதும் இதனாலேதான்.

சோதனைக்கு முன் “என்ன நிகழும் என எண்ணுகிறேன்” என்று இரண்டு வரி எழுதுங்கள். பின்பு கண்டதை எழுதுங்கள். இரண்டும் மாறுபட்டால், முதலில் எழுதியதை அழிக்க வேண்டா. அந்த மாறுபாடுதான் பாடம். எழுதாத ஐயம் மணியடித்ததும் மறந்துபோகும்.

இது வெறுங்கனவன்று. மத்தியப் பிரதேசத்தில், அந்நாளைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் இம்முறை தொடங்கிற்று. அவர்களுடைய பாடநூலில் கேள்விகளே நிறைந்திருந்தன. சோதனை செய்து விடையைப் பிள்ளைகளே எழுதிக்கொண்டார்கள். தேர்வறைக்குள் புத்தகம் கொண்டுசெல்லவும் அனுமதி உண்டு. தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது. எனக்கு அது பெரும் இழப்பாகவே படுகிறது.

வரும் மார்கழியில், வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள் விடியலில், காந்தலின் புல்வெளிகளைச் சென்று பாருங்கள். திறந்த வெளியில் உறைபனி வெண்மையாகப் படர்ந்திருக்கும். மரத்தடிப் புல்லிலோ அது அரிது. காற்று இரண்டிற்கும் பொதுவாயிருக்க, ஏன் இந்த வேறுபாடு? புத்தகத்தைத் திறக்குமுன், உங்களுக்குத் தோன்றும் காரணத்தை எழுதி வையுங்கள்.