சந்திக்குச் சந்தி வழி கேட்டுச் செல்லும் பொதிகள்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சமயச் சொற்பொழிவுகளின் நடுவே கணினி வலையமைப்பைப் பற்றிப் பேச இடமளித்தீர்கள், நன்றி. இச்சபையிலுள்ள முதியோர் பலர் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியிற் பார்த்துப் பேசுகின்றீர்கள். அம்முகம் எவ்வழியாக இங்கு வந்து சேர்கின்றது என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள்.

அது முழுமுகமாக வருவதில்லை. பெரும்பாலும் 1500 பைற்றுக்கு மேற்படாத சிறு பொதிகளாகத் துண்டாடப்பட்டு வருகின்றது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் உண்டு. இம்முறையை 1960களில் அமெரிக்காவிற் போல் பரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிசும் தனித்தனியே கண்டனர். பரனின் கவலை போர்க்காலத்தைப் பற்றியது: நடுவில் ஒரு நிலையம் அழிந்தாலும் செய்தி வேறு வழியாற் போய்ச்சேர வேண்டும். நமக்கு அக்கவலையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஒரு கட்டடத்துள் பொதிகளைக் கடத்துவது ஆளி. ஒரு பொதி எந்த வாயிலால் வந்தது என்று பார்த்து, அதை அனுப்பிய கருவி அப்பக்கம் உள்ளதெனக் குறித்துக்கொள்ளும். அறியாத கருவிக்குப் பொதி வந்தால், வந்த வாயில் தவிர்ந்த எல்லா வாயில்களாலும் அனுப்பிவிடும். உரிய கருவி மறுமொழி தரும்போது அதன் இடமும் தெரிந்துவிடும். ஒரு கட்டடத்துக்கு இது போதும். ஒருவரைத் தேட உலகம் முழுவதையும் கூவியழைக்க முடியுமா?

அங்கேதான் வழிப்படுத்தி வேண்டப்படுகின்றது. நமது கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனம் செல்ல முடியாது. கல்வியங்காட்டிலிருந்து நகருக்குப் போகிறவர் சந்தியில் நிற்கும் பொலிசாரைக் கேட்டால், அவர் அடுத்த திருப்பத்தை மட்டும் காட்டுவார். மீதியை அடுத்த சந்தியிற் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வழிப்படுத்தியும் முழுப்பாதையை அறியாது. தன் அட்டவணையைப் பார்த்து அடுத்த சந்தியைக் காட்டும். உவமையாகச் சொன்னால், "இலங்கைக்கு இவ்வழி" என்றொரு வரியும் "யாழ்ப்பாணத்துக்கு அவ்வழி" என்றொரு வரியும் இருந்தால், குறுகிய எல்லையைச் சொல்லும் இரண்டாவதையே அது கொள்ளும்.

அட்டவணைகள் பிழைத்தால் பொதி சுற்றிச் சுற்றி வரும். ஆதலால் புறப்படும்போதே 64 போன்ற ஓர் எண் அதில் இடப்படுகின்றது. ஒவ்வொரு வழிப்படுத்தியும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியமானதும் பொதி எறியப்படும். வீதி வலம் வருவதால் நமக்குப் புண்ணியமுண்டு, பொதிக்கு இல்லை! தொலைந்தது மின்னஞ்சலின் துண்டாயின் மறுபடி அனுப்பப்படும். நேருக்கு நேர் பேசும்போது அதற்குப் பொழுதில்லை. பேரப்பிள்ளையின் முகம் சிலவேளை சதுரஞ் சதுரமாக உடைவது அதனாலேயே.

ஒரு வழி அடைபட்டால் வழிப்படுத்திகள் தமக்குள் செய்தி பரிமாறி வேறு வழியைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் வேறு வழி இருக்கவேண்டுமே! 2004 ஓகஸ்ற் மாதம் கொழும்புத் துறைமுகத்தருகே ஓர் இந்தியக் கப்பலின் நங்கூரம் சீ-மீ-வீ 3 என்னும் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையம் பெரும்பாலும் அந்த ஒரு வடத்தையே நம்பியிருந்தமையால், வழிப்படுத்திகள் பழுதின்றி இருந்தும் காட்டுவதற்குப் போதிய வழி இல்லாது போயிற்று. அடுத்த வடமான சீ-மீ-வீ 4 வேலைசெய்யத் தொடங்கியது 2005இல். சீ-மீ-வீ 5 மாத்தறையிற் கரையேறிச் செயற்பட்டது 2016இல்.

1990களில் ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தபோது கிளாலிக் கடலேரியை வள்ளத்திற் கடந்தவர்கள் இச்சபையில் இருப்பீர்கள். வேறு வழியின் விலையை என்னிலும் நீங்கள் அறிவீர்கள். நமது பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பாதுகாப்புக்கென இரண்டாவது இணைப்பை வாங்கும்போது கம்பனியின் பெயரையும் மாதக் கட்டணத்தையும் விசாரித்து அமைந்துவிடக்கூடாது. அது எந்த வீதியால், எந்தக் கம்பங்களில் வருகின்றது என்றும் கேட்கவேண்டும். இரண்டு கம்பனிகளின் கம்பிகளும் ஒரே கம்பத்திற் தொங்கினால், ஒரு லொறி மோதியதும் இரண்டும் ஒன்றாகவே அறும்.