ஆச்சியின் பெயர் எங்கே போயிற்று?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே பேசுதற்குப் பெரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, சிறியேன் ஒரு கணக்குப் பதிவேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் நம் காரியதரிசி அவர்கள், "கம்பியூட்டர் விஷயமா தம்பி? சபை தூங்கிவிடுமே" என்றார்கள். தூக்கம் வந்தால் குற்றம் என்னுடையதே. ஆனால் இங்கே அமர்ந்திருப்போரிற் பலருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை மட்டும் முதலிற் சொல்லிவைக்கிறேன்.

நம்மிற் பலர் அங்கத்தினராயுள்ள மரண உதவிச் சங்கத்தின் பதிவேட்டையே குறிப்பிடுகிறேன். முன்பு அது தடித்த அட்டைப் புத்தகமாக இருந்தது. பிறகு யாரோ ஒரு வியாபாரியிடம் விலை கொடுத்து வாங்கிய செயலி ஒன்றிலே ஏற்றப்பட்டது. பல ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. விற்றவர் தொழிலை விட்டுப் போனார். பழைய கம்பியூட்டரும் கிழடு தட்டியது. புதிய கம்பியூட்டரிலோ அந்தச் செயலி திறக்க மறுத்தது. ஏன் மறுக்கிறது என்று உள்ளே பார்ப்போமென்றால், அதன் மூலநிரல் நம் கையில் இல்லை. வெளியிணைப்பு இயந்திரம் பழுதானால் நம் மீனவர் மூடியைக் கழற்றித் தாமே பார்த்துவிடுவர். மூடியைக் கழற்றவே முடியாதபடி ஒட்டிக் கொடுத்த இயந்திரத்தை யார் திருத்துவது?

ஆகவே சென்ற பல்கலைக்கழக விடுமுறையிலே, பதிவேட்டைத் திறந்த மூலத் தரவுத்தளம் ஒன்றுக்கு மாற்றும் பணியைத் தனாதிகாரி அவர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

தரவுத்தளம் என்றால் யாது? எட்கர் கொட் என்னும் ஆங்கிலேயர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றியபோது 1970 இல் ஒரு கட்டுரை எழுதினார். செய்திகளை அட்டவணைகளாக வைத்து, அவற்றிலுள்ள பொது எண்களைக் கொண்டு ஒன்றோடொன்று தொடர்புபடுத்தலாம் என்பது அதன் சாரம். அங்கத்தினர் ஓர் அட்டவணை, குடும்பத்தார் ஓர் அட்டவணை, சந்தா ஓர் அட்டவணை. அங்கத்தினர் இலக்கத்தைப் பிடித்தால் மூன்றும் கூடவே வரும். நான் தெரிந்தெடுத்த போஸ்ட்கிரெஸ் என்பது 1986 இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்து, 1996 இல் இப்போதைய பெயரான போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பதைப் பெற்றது. எந்த ஒரு கம்பனிக்கும் அது சொந்தமன்று.

"இலவசம் என்பதற்காகவா எடுத்தாய்?" என்று ஒருவர் கேட்டார். விலையைவிட முக்கியமானது வேறொன்று. சுவீடனில் 1995 இல் தோன்றிய மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் 2008 இல் சன் என்ற கம்பனிக்கு ஏறக்குறைய நூறு கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2010 இல் சன் கம்பனியையே ஒராக்கிள் வாங்கியது. ஆனால் அதன் மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தபடியால், அதை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009 இலேயே அந்நிரலை எடுத்து மரியாடிபி என்ற பெயரிலே தனியே வளர்க்கத் தொடங்கிவிட்டார். உரிமை கைமாறியது, பாவித்தோர் அநாதைகளாகவில்லை. நமக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு.

இனி என் அல்லல்களைச் சொல்கிறேன். பழைய கம்பியூட்டரை ஒருவாறு உயிர்ப்பித்து, பதிவுகளையெல்லாம் வெறும் எழுத்துக் கோவையாக வெளியே எடுத்தேன். அக்கோவையில் ஒரு நிரலுக்கும் அடுத்த நிரலுக்கும் இடையே வேலியாக அரைப்புள்ளி போடப்பட்டிருந்தது. ஏற்றிப் பார்த்தால், கமலா என்ற பெயர் சரியாக வந்தது. செல்லம்மா மூன்று துண்டாகி, அவருடைய பெயரின் வால் முகவரியிலும் முகவரி பிறந்த திகதியிலும் போய் விழுந்தன. ஒரு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் வெளித்தது: பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவிலே தட்டச்சிடப்பட்டவை. பாமினியில் "அம்மா" என்று திரையிலே தெரிந்தாலும், உள்ளே கிடப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்பவையே. மெய்யெழுத்தின் புள்ளி எதுவோ அதுவே அரைப்புள்ளி! செல்லம்மாவில் இரண்டு புள்ளி. ஆகவே மூன்று துண்டு. கமலாவுக்குப் புள்ளியே இல்லை, தப்பினார். தமிழுக்கு அழகான புள்ளி நமக்கு வேலியாக முளைத்த கதை இது. வேலியை டாப் குறியாக மாற்றி மீண்டும் எடுத்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது.

திகதியிலும் சங்கடம். நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். போஸ்ட்கிரெஸ் அமெரிக்க வழக்கில் அமைந்திருந்தமையால் 12 ஆம் திகதிக்குப் பிற்பட்டவற்றை, "இப்படி ஒரு மாதம் இல்லை" என்று மறுத்தது. மறுத்தது நல்லதாயிற்று. 12 வரையுள்ளவற்றையோ ஒரு சொல்லும் சொல்லாமல் மாற்றிப் போட்டிருக்கும். சித்திரையிற் பிறந்தவர் மார்கழிக்குப் போயிருப்பார். முழு ஏற்றத்தையும் ஒரே பரிவர்த்தனையாக வைத்திருந்தேன். அதாவது ஒரு வரி பிழைத்தாலும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாதிப் பதிவேடு அங்கும் பாதி இங்குமாகக் கிடந்திருக்கும். தொலைபேசி எண்களை எண்ணாக ஏற்றியதில் முதலிலிருந்த பூச்சியம் மறைந்ததும், பத்து எழுத்துக்கென விட்ட இடத்தில் 2016 முதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் அடங்காததும் சில்லறைத் தொல்லைகள். அவற்றை விரிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது சில்லறையன்று. எல்லாம் முடிந்தது, வரிகளின் எண்ணிக்கை ஒத்தது, சந்தாத் தொகையும் சதம் பிசகாமல் ஒத்தது என்று நான் மகிழ்ந்திருந்த வேளையிலே, கணவனை இழந்த ஓர் ஆச்சி உதவிப் பணம் கேட்டு வந்தார். ஊர் நுரைச்சோலை. ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினேன். ஒருவரும் இல்லை. தனாதிகாரி அவர்கள் முன்னிலையில், "இப்படி ஒரு குடும்பம் பதிவில் இல்லை, ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பிலே முடிந்திருந்த ஒரு பழைய சந்தா அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மாதந்தோறும் கட்டியதற்குக் கையொப்பம் இருந்தது. "வாசிச்சுப் பாருங்கோ தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெயர் அழியவில்லை, பதிவேட்டிலேதான் இருந்தது. பிழை, பாமினியை யூனிகோட்டுக்கு மாற்ற நான் எழுதிய சிறு நிரலிலே இருந்தது. "சோ" என்னும் எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியாக வைக்கலாம், அல்லது "சே" என்பதோடு ஒரு கால் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்பியூட்டருக்கு வேறு வேறு. பாமினியில் இரட்டைச் சுழிக்கொம்பும் காலும் தனித்தனி விசைகளாகையால் என் நிரல் இரண்டாவது விதத்தை எழுதியது. விசைப்பலகையில் நான் தட்டியது முதலாவது விதம். நுரைச்சோலை முழுவதும் மறைந்தது இவ்வாறே. ஒகர ஓகாரம் வரும் கொழும்பும் கோயிலும் அப்படியே மறைந்திருந்தன. போஸ்ட்கிரெஸ்ஸின் 13 ஆம் பதிப்பு முதல், இவ்விரு வடிவத்தையும் ஒருவடிவாக்கும் கட்டளை உண்டு. ஒரு வரியிலே தீர்ந்தது. மறுநாள் ஆச்சியின் வீட்டுக்குத் தனாதிகாரி அவர்களுடன் நானும் போனேன். பணம் கிடைத்தது. ஆயினும், "உன் பெயர் இல்லை" என்று துக்க வீட்டாருக்குச் சொன்ன வார்த்தையை நான் திரும்பப் பெற முடியுமா?

பெயர் தேடுதல் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்கையும் தெற்கையும் வடக்கையும் அழித்தபோது நம் கரை பேரழிவுக்குத் தப்பியது. அவ்வேளை கொழும்பிலே மென்பொருள் வல்லுநர் பலர் ஊதியமின்றிக் கூடி, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் துணையுடன் "சஹானா" என்னும் செயலியை ஆக்கினர். சிங்களத்திலே அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர் பெயர், முகாம்கள், உதவி அமைப்புகள், வேண்டிய பொருள்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. அடியிலே இருந்தது மேலே சொன்ன மைஎஸ்கியூஎல். திறந்த மூலமாக இருந்தபடியால் 2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006 இல் பிலிப்பைன்சில் மண்சரிவு நேர்ந்தபோதும், அவர்கள் நம்மவர் ஆக்கியதையே எடுத்துப் பயன்படுத்தினர். அவ்வாண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சமூகநல விருதும் சஹானாவுக்குக் கிடைத்தது. இதை நம் பாடசாலைகளில் எத்தனை பேர் அறிவர்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் நம் கற்பிட்டிக் கரையிலே வந்து இறங்கினார்கள். கையிலே ஒரு கடுதாசியும் இல்லாதவர் தாம் இன்னார் என்று நிறுவ எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை இங்குள்ள பெரியோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எஞ்சிய வேலை ஒன்று உண்டு. ஒரே ஆள் ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தோடும், வேறிடத்தில் முழுப் பெயரோடும், இன்னோரிடத்தில் வீட்டுப் பெயரோடும் எழுதப்பட்டிருக்கிறார். மூவரும் ஒருவரா, மூன்று பேரா என்பதை எந்தத் தரவுத்தளமும் சொல்லாது. அந்தக் குடும்பத்தை அறிந்த பெரியவர்தாம் சொல்ல வேண்டும். அத்தகைய பெயர்களைத் தாளிலே அச்சடித்து வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலையில் தங்கள் சந்தா அட்டையுடன் வந்து பார்த்துத் திருத்தித் தருமாறு பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கண் மங்கியவர்களுக்கு வாசித்துச் சொல்ல நானும் இரண்டு தம்பிமாரும் அங்கே இருப்போம். பழைய அட்டைப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.