மணக்கடவுக்கு வரும் நீர்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குமிடத்தில் இருக்கிறது கோவிந்தாபுரம். தமிழும் மலையாளமும் அங்கே கலந்தே ஒலிக்கும். வெளிமாநிலங்களில் வாழும் நம் போன்றோருக்கு அது புதுமையன்று. ஆனால் அவ்வூர் அடங்கிய சித்தூர் வட்டத்து உழவர், மழை பொய்த்த ஆண்டில், மணக்கடவில் எவ்வளவு நீர் விடப்பட்டது என்றே முதலில் கேட்பர். அந்த நீரைக் கணக்கிடும் ஓர் ஆராய்ச்சித் துறையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

அதனை ஆங்கிலத்தில் 'சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்' என்பர். சிஸ்டம் என்ற சொல் மொழிபெயர்ப்பாளனைச் சோதிப்பது. முறை என்றால் குறைகிறது. ஒழுங்கு என்றால் மிகுகிறது. அமைப்பு என்று எழுதிவிட்டு மேலே செல்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு நல்லதைச் செய்வதால் முழு அமைப்புக்கும் நன்மை விளைந்துவிடாது என்பதே அத்துறையின் அடிப்படை.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தைப் பாருங்கள். நீராற்று நீர் சோலையாற்றுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும், பின்னர்த் தூணக்கடவுக்கும் செல்கிறது. சர்க்கார்பதியில் மின்சாரம் தந்தபின் திருமூர்த்திக்கும் ஆழியாற்றுக்கும் பிரிகிறது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழகம். 1970 மே 29-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, ஆண்டுதோறும் மணக்கடவில் கேரளத்துக்கு 725 கோடி கன அடி நீர் தரப்பட வேண்டும்.

மேலணையில் நீரைத் தேக்கினால் கோடைக்கு உதவும். பெருமழை வந்தால் வழிந்து வீணாகும். முன்கூட்டியே திறந்தால் மழை பொய்க்கலாம். இத்தகைய முடிவுகளைக் கடைசிக் காலப்பகுதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறையை 1950-களில் ரிச்சர்ட் பெல்மன் வகுத்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இராமனும் சந்திரமௌலியும் அதனை நரம்பு வலைக் கணிப்புடன் இணைத்து, 1996-இல் ஆழியாறு அணைக்கு இயக்க விதிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். 2001-இல் பல அணைகளுக்கும் சேர்த்து ஆராய்ந்தனர்.

இத்தகைய ஆய்வுகளில் பற்றாக்குறையை வர்க்கமாக்கிக் கூட்டும் வழக்கம் உண்டு. இரு வாரத்தில் பத்துப் பங்கு குறைந்தால் அதன் கணக்கு நூறு. அதையே ஐந்து தவணைகளில் இரண்டிரண்டாகப் பகிர்ந்தால் இருபதுதான். ஒரே அடியாகப் பயிரைக் காயவிடுவதைவிடச் சிறிது சிறிதாகக் குறைப்பதே மேல் என்ற உழவரின் அனுபவம் இங்கே கணிதமாகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆனால் பொள்ளாச்சித் தென்னைக்கு நேரும் குறையும் சித்தூர் நெல்லுக்கு நேரும் குறையும் ஒரே எடையா? முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர் இந்த எடையைத் தாமே இட்டுக்கொள்ள முடியாது. உடன்படிக்கைதான் இட வேண்டும்.

மதகும் சங்கிலியும் அமைப்பின் உறுப்புகளே. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று, சங்கிலி அறுந்ததால் பெயர்ந்தது. கிழக்கே வர வேண்டிய நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. எந்த இயக்க விதியும் அதைத் தடுத்திருக்காது.

உடன்படிக்கையை முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய இடமுண்டு. 1958-இலிருந்து எண்ணினால் முதல் தவணை 1988-இல் நிறைந்தது. 2019 செப்டம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, அது குறித்துப் பேசக் குழுக்கள் அமைக்க இசைந்தனர்.