தலைமயிரும் நமது வீட்டு வைத்தியமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பழைய மாணவியர் இருவர் சந்தித்தால், பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்ததாகக் கதை வந்து நிற்பது தலைமயிரில்தான். "இடுப்புவரை இரட்டைப் பின்னல் போட்ட உமக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்போம். கேட்ட கையோடு ஓர் எண்ணெயும் சொல்லிக் கொடுப்போம். அந்த எண்ணெயைப் பற்றியே இன்று பேசுவோம்.

கையாந்தகரைச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவது, செவ்வரத்தை இலையைக் கசக்கிப் பூசுவது, ஊறவைத்த வெந்தயத்தை அரைத்து வைப்பது, கறிவேப்பிலையும் நெல்லியும் போட்டு எண்ணெய் காய்ச்சுவது, சீயாக்காய் வைத்து முழுகுவது என்று நமது வீடுகளில் முறைகள் பல. இவை வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. தேங்காயெண்ணெய் மயிரிழையினுள் ஊடுருவி, இழையிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயில் அந்தப் பயன் காணப்படவில்லை. செவ்வரத்தை, வெந்தயம் ஆகியவற்றின் வழுவழுப்பு சிக்கை எடுக்கும். சீவும்போது மயிர் அறுவது குறையும்.

ஆனால் இவை வெளியே தெரியும் இழைக்குச் செய்யும் உதவி. மயிர் கொட்டுவதன் காரணம் பெரும்பாலும் வேரில் இருக்கிறது. சில வேளைகளில் இரத்தத்தில் இருக்கிறது.

நமது தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சுமார் 3 மாதங்கள் ஓய்ந்திருந்து உதிரும். அதே இடத்தில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமையானது. கடும் காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பெருந்துயரம் போன்றவை வந்தால் பெருந்தொகையான மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதங்களின் பின் அவை சேர்ந்து கொட்டும். ஆகவே கொத்தாக மயிர் கொட்டினால், முதலில் நாட்காட்டியை 3 மாதம் பின்னோக்கிப் பார்ப்போம். டெங்கு வந்ததா? குழந்தை பிறந்ததா? சாப்பாட்டைக் குறைத்து உடம்பை மெலிய வைத்தோமா?

இவ்வகையில் கொட்டிய மயிர் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். கொட்டுதல் உச்சத்தில் நிற்கும்போது நாம் எண்ணெய் காய்ச்சத் தொடங்குகிறோம். சில மாதங்களில் மயிர் வளர்கிறது. உடம்பு தானாகச் செய்த வேலைக்கு எண்ணெய் பெயர் வாங்கிக்கொள்கிறது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. காரணம் நீங்காமல் உள்ளே இருக்கும்போதுதான் கெடுதல்.

நாற்பது வயதை எட்டிய ஒருவர் எங்களிடம் வருவார். ஒரு வருடமாக எண்ணெய் மாற்றி மாற்றிப் பூசியிருப்பார். படியேறினால் இளைக்கும், நெஞ்சு படபடக்கும். அதை வயதின்மேல் போட்டுவிடுவார். மாதவிடாய் பத்து நாள் போவதைக் கேட்டால்தான் சொல்லுவார். இரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7 இருக்கும். அவருக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரையும், இரத்தப்போக்கு ஏன் என்று பார்க்கும் ஸ்கானும். வீட்டில் எல்லோரையும் வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் நாம், நம்மைக் கடைசியில் வைக்கிறோம். மயிர் கொட்டும்போதாவது அதைக் கவனிப்போம். இரத்தக் கணக்கு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைரொயிட் ஆகிய மூன்று சோதனைகளையும் பற்றி வைத்தியரிடம் கேட்போம்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. உச்சி வகிடு வரவர அகலித்தால் அது பரம்பரை, ஹோர்மோன் சார்ந்ததாக இருக்கலாம். அதற்கு மினொக்சிடில் என்ற பூச்சு மருந்து உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது உகந்ததல்ல. வட்டமாக ஓரிடம் வழுக்கையானால் நாம் புழுவெட்டு என்போம். அங்கே புழு எதுவும் இல்லை. நமது நோயெதிர்ப்புச் சக்தியே மயிர்வேரைத் தாக்குகிறது. வெங்காயச் சாறு இதற்கு உதவியதாக ஈராக்கில் 38 பேரிடம் செய்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. ஆய்வு சிறியது, புழுவெட்டு தானாக மாறுவதும் உண்டு. பூசிப் பார்க்கலாம், எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். உள்ளியை அரைத்துக் கட்டவே கூடாது, தோல் வெந்துவிடும். பிள்ளையின் தலையில் செதிலும் முறிந்த மயிருமாக ஓரிடம் இருந்தால் அது பெரும்பாலும் பங்கசு. எண்ணெயால் மாறாது, பல வாரங்கள் மாத்திரை எடுக்க வேண்டும்.

நெற்றியோரமும் காதோரமும் மயிர் குறைந்தால், இறுக்கிப் பின்னுவது காரணமாகலாம். ஒழுங்காக இருக்கட்டும் என்று ரிபன் வைத்து இறுக்கிக் கட்டும் தாய்மார் சற்றுத் தளர்த்திப் பின்னுங்கள். தொடர்ந்து பல வருடம் இழுத்தால் அந்த மயிர் திரும்பாமலே போகலாம்.

பொடுகு உள்ளவர்கள் இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிட வேண்டாம். புதிய மூலிகை எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்போம். மூலிகையை அடையாளம் காண ஐயம் இருந்தால் சித்த வைத்தியரிடம் கேட்கலாம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது.

கையாந்தகரையைத் தலைக்கு வைக்கும் நாம், முருங்கையிலையையும் கீரையையும் வயிற்றுக்கும் கொடுப்போம். கீரையில் தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்புச்சத்து நன்கு சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிப்போம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஊரிலிருந்து எண்ணெய்ப் போத்தல் போய்க்கொண்டே இருக்கட்டும். அதில் அம்மாவின் கைமணம் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கொட்டினாலும், களைப்போடு கொட்டினாலும், எண்ணெயைப் பூசிக்கொண்டே வைத்தியரிடமும் போய்வாருங்கள். நூறு வயது காணும் நமது கல்லூரி அன்னையின் பிள்ளைகள் நாம் ஒவ்வொருவரும் நலமாக இருக்க வேண்டும்.